சோளத்தட்டைக்குக் கழுத்து கிடையாது

"ஒரே பொண்ணுக்கு, ஒரே பந்தல்ல, எட்டு மணிக்குக் கல்யாணச் சீலையும் ஒம்போது மணிக்குச் சாவுக் கோடியும் போட்டவன் இந்தப் பூமியில நான் ஒருத்தன்தான்யா. ரெண்டையும் அந்தப் பொண்ணே கைய நீட்டி வாங்கிக்கிச்சு. வாங்கிட்டு, தன் கருமாதிப் பந்தியில தானே உக்காந்து, 'மாமா, அந்த வடத் தட்ட இப்படித் தள்ளு'ன்னுச்சு."

குழந்தைவேல் இதை அரியலூர் ரயிலடி டீக்கடையில் முதல் தடவை சொன்னபோது, டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை.

சிமெண்டு ஆலையில் முப்பத்தொரு வருசம் எடைமேடையில் உட்கார்ந்து ரிட்டயர் ஆனவர் குழந்தைவேல். சுண்ணாம்புக்கல் லாரி தெருமுனையில் திரும்பும் சத்தத்தை வைத்தே எத்தனை டன் என்று சொல்லிவிடுவாராம். டிரைவர் காலையில் தின்றது இட்லியா பொங்கலா என்பது வரைக்கும் கிலோக் கணக்கில் தெரியுமாம். லாரியின் வெறும் எடையைக் கழிப்பது போல அவர் பேச்சில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் ஊர் காதில் வாங்கும். இந்தச் சங்கதியில் மட்டும் கழிக்க ஒன்றும் அகப்படவில்லை. முந்நூறு பேர் அந்தப் பந்தியில் கை நனைத்திருந்தார்கள். ஒவ்வொருத்தராக வந்து, ஆமாய்யா நிசந்தான் என்று ஒத்துக்கொண்டார்கள்.

ஒத்துக்கொள்ளாதவர் ஒரே ஒருத்தர், குழந்தைவேலின் தங்கை புருஷன் நடராசன். பெண்ணைப் பெற்றவர். பந்தல் போட்டவர். தாலி ஏறும்போது பெண்ணுக்குப் பின்னால் நின்றவர். "அப்படி ஒண்ணும் நடக்கல" என்று தை மாசம் வரைக்கும் சாதித்தார்.

நடராசனுக்கு அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் நாலு ஏக்கர். மக்காச்சோளம், சின்ன வெங்காயம். மூத்தவள் லாவண்யா நர்சு, இளையவன் சுதர்சன் திருச்சியில் பாங்கு வேலை. லாவண்யா நாலு வருசமாகப் பெரம்பலூரில் ஜெயசுதா என்ற பெண்ணோடு ஒரே வீட்டில் இருந்தாள். ஜெயசுதா வாலிகண்டபுரத்துக்காரி, அதே ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறவள். வாடகையை மிச்சம் பிடிக்கிறார்கள், சமர்த்துப் பிள்ளைகள் என்றுதான் நடராசன் நினைத்துக்கொண்டிருந்தார். புரட்டாசியில் தன் தங்கை கண்ணகியின் மகன் சரத்குமாருக்கு லாவண்யாவைப் பேசினார். அன்றைக்கு லாவண்யா அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, நான் எவனையும் கட்டிக்க மாட்டேன். சுதாவும் நானும் கட்டிக்கிட்ட மாதிரிதான் இருக்கோம். நீ அப்படியே வச்சுக்க."

விதை வெங்காயம் பிரித்துக்கொண்டிருந்த சாந்தா, போனைத் தோளில் இடுக்கியபடியே ஒரு சாக்கைக் கொட்டி முடித்தாள். அப்புறம் கேட்டாள்: "சாப்ட்டியா?"

அவளுக்கு வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை. அடுத்த நாளும் பேசினாள். அதற்கடுத்த நாளும். விசயம் நடராசன் காதுக்கு வந்தபோது, பெண் பண்ணியதைவிட, பெண்டாட்டி எட்டு நாளாகத் தெரிந்துகொண்டே தனக்குச் சோறு போட்டாள் என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

ஐப்பசி பிறக்கிற சமயம், பெண்ணும் பெண்ணும் கட்டிக்கொள்வது பற்றி டில்லியில் தீர்ப்பு வந்தது. நடராசன் வீட்டு டிவி முன்னால் கண்ணகி, சரத்குமார், தாய்மாமன் குழந்தைவேல் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். நடராசன் நிலத்தை விற்று வாங்கிய தீர்ப்பு போலத் தொடையைத் தட்டினார்.

"பாத்தீங்களா மச்சான்? செல்லாதுன்னுட்டான்!"

"செல்லாதுன்னு எங்க மாப்ள சொன்னான்? கல்யாணம் பண்ணி வைக்க சட்டம் இல்ல, வேணும்னா பார்லிமெண்டு போட்டுக்கட்டும்ங்கறான்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"எப்புடி ஒண்ணாகும்? என் எடைமேடையில வண்டி ஏறலன்னா வண்டிக்கு எடையே இல்லன்னு ஆயிடுமா? சேந்து இருக்கறது குத்தமில்லன்னும்தான் சொல்லியிருக்கான்."

"இருக்கறதுக்கென்ன, தெருவுல நாயிங்ககூடத்தான் சேந்து கெடக்கு." நடராசன் சமையலறைப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னார். "ஏய், கேட்டுக்க. உன் மவளுக்கு வர்ற திங்கக்கெழம வரைக்கும் கெடு. தனியா வந்து சரத்துக்குக் கழுத்த நீட்டணும். இல்லாட்டி அன்னைக்கே சாவும் கருமாதியும் சேத்து ஒரே நாள்ல முடிச்சுடுவேன்."

"யாருக்குண்ணே கருமாதி?" என்றாள் கண்ணகி.

"அவளுக்குத்தான். அவ இருக்கற வரைக்கும், மூத்தவ என்ன ஆனான்னு கேப்பான். செத்துட்டா எவன் கேப்பான்? சுதர்சனுக்கு உடையார்பாளையம் ஆண்டவர் வூட்ல பொண்ணு கேட்டிருக்கேன். வழிய மறிச்சுக்கிட்டுக் கெடக்கறத எடுத்துப் போட வேணாமா?"

சாந்தா டீ கொண்டுவந்து வைத்தாள். அண்ணனிடம் மட்டும் மெதுவாகக் கேட்டாள். "ஏண்ணே, அப்படிச் செஞ்சுட்டா அப்புறம் அதுகூடப் பேசவே கூடாதா?"

"செத்தவளோட எவடி பேசுவா?" என்றார் நடராசன். அவருக்குக் காது கூர்மை.

வெள்ளிக்கிழமையே பிளக்ஸ் கட்டியாகிவிட்டது. ஊர் பிரிவு ரோட்டில் ஒன்று. இன்னொன்றை நடராசன் மினி வேனில் எடுத்துப்போய், பெரம்பலூரில் லாவண்யா வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு எதிர்த்தாற்போல், சன்னலைத் திறந்தால் கண்ணில் குத்துகிற மாதிரி கட்டிவிட்டு வந்தார். கண்ணீர் அஞ்சலி. காலேஜ் அடையாள அட்டையில் இருந்த படம். மறைவு என்று திங்கட்கிழமைத் தேதி போட்டிருந்தது. வெள்ளிக்கிழமை அந்தத் தேதியைப் படித்துவிட்டு லாவண்யா உள்ளே போய் மூன்று பேருக்கு டிரிப் ஏற்றினாள். நாலாவது படுக்கையில் இருந்த கிழவி கையை இழுத்துக்கொண்டு கும்பிட்டாளாம், என்னை விட்டுரு தாயே, எனக்கு இன்னும் பேரன் பொறக்கல என்று. சாயங்காலம் மானேஜர் கூப்பிட்டார்.

"நீ நல்ல நர்சுதாம்மா. ஆனா செத்துப்போனவ ஊசி போடறான்னு ஜனங்க பயப்படுதுல்ல? கொஞ்ச நாள் வராத."

லாவண்யா மாமனுக்குப் போன் போட்டாள். "வேல போச்சு மாமா. திங்கக்கெழம வர்றேன். என் கருமாதிச் சோத்தையாவது தின்னுட்டு, அம்மாவ ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்."

"வராத தாயி, உங்கப்பன் கொன்னுடுவான்" என்றார் குழந்தைவேல். சொல்லிவிட்டு, அன்றைக்கே கடைவீதிக்குப் போய் அரக்கில் ஒரு கல்யாணச் சீலையும் வெள்ளைக் கோடி ஒன்றும் எடுத்தார். ஏன் இரண்டு என்றால், அங்கேதான் இருக்கிறது அந்த ஊர் வழக்கம். கல்யாணம் ஆகாமல் செத்தால் அப்படியே கொள்ளி வைக்கக் கூடாது. ஒரு வாழைக்கன்றை மாப்பிள்ளையாக நிறுத்தி, தாலி கட்டிக் கன்னி கழித்த பிறகுதான் பாடை. இல்லாவிட்டால் கன்னி வீட்டிலேயே தங்கி, கூடப்பிறந்தவன் கல்யாணத்துக்குக் குறுக்கே படுத்துக்கொள்ளும். கல்யாணத்துக்கும் சாவுக்கும் துணி போட வேண்டியவன் தாய்மாமன்.

திங்கட்கிழமை விடியும்போதே தூறல். ஐப்பசித் தூறல் சிமெண்டுத் தூசியோடு சேர்ந்தால் ஓட்டின் மேலும் மாட்டின் மேலும் சாம்பல் பூச்சாக இறங்கும். பந்தலுக்குள் பெஞ்சில் லாவண்யாவைப் படுக்க வைத்திருந்தார்கள். போன வருசத்து மக்காச்சோளத் தட்டையை ஆள் உயரத்துக்குக் கட்டி, அவளுடைய பச்சைச் சுடிதாரை மாட்டி, தலை இடத்தில் ஒரு பானையைக் கவிழ்த்து, அதில் பிளக்ஸில் இருந்து வெட்டிய முகத்தை ஒட்டியிருந்தார்கள்.

"வைக்கோல்ல கட்டியிருக்கலாமே மாப்ள. இது மொறுமொறுன்னு காஞ்சு கெடக்கு" என்றார் குழந்தைவேல்.

"வைக்கோல் மாட்டுக்கு மச்சான். இவளுக்கு இது போதும்."

காரியம் செய்து வைக்க முத்தமிழ்செல்வன் வந்திருந்தார். கல்யாணமோ கருமாதியோ எல்லாம் தமிழில், கழுத்தில் மைக் மாட்டிக்கொண்டு. அன்றைக்குச் சிறுவாச்சூர்க் கோயிலில் ஒரு காதுகுத்து. அங்கே திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும் என்பதால் அந்த இரண்டு நாளும் அவருக்குக் கால் தரையில் பாவாது. வந்ததில் இருந்து வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேளக்காரர்களிடம் நடராசன் தனியாக ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தார். "தாலி ஏறறப்ப எம் பொண்டாட்டி கூப்பாடு போடுவா. எவ கத்தினாலும், நானே கத்தினாலும், நீங்க அடிய நிறுத்தப்படாது. ஊருக்கு மேளந்தான் கேக்கணும்."

"வாழைக்குப் பதிலாத் தாலி கட்டறது யாருங்க?" என்றது முத்தமிழ்செல்வனின் மைக்.

நடராசன் சரத்குமாரைப் பார்த்தார். கண்ணகி மகனுக்கு முன்னால் வந்து நின்றாள். "நல்லாருக்குண்ணே! செத்தவளுக்குத் தாலி கட்டினா எம் புள்ளைக்கு நாளைக்கு எவ கழுத்த நீட்டுவா? ரெண்டாந்தாரமாயிடுவான்ல?"

"அப்ப மொறைக்காரப் பயலுவ யாராவது..."

பந்தலில் நூறு வாலிபர்கள் இருந்தார்கள். அந்த வார்த்தை முடிவதற்குள் ஒருத்தன்கூட இல்லை. வாழைக்கன்றைப் பிடித்துக்கொண்டிருந்தவனே அதைத் தரையில் சாய்த்துவிட்டு, மூத்திரம் வருது என்று போனவன் சாயங்காலம்வரை வரவில்லை.

அந்த நேரத்தில்தான் ஸ்கூட்டி வந்து நின்றது. ஜெயசுதா ஓட்டிவர, லாவண்யா பின்னால். நனைந்திருந்தார்கள். கூட்டம் ஏதோ பிணம் எழுந்து நடந்தது போல இரண்டாகப் பிளந்தது. லாவண்யா நேராகப் போய்ப் பெஞ்சில் கிடந்ததைக் குனிந்து பார்த்தாள்.

"இந்தச் சுடிதார் எனக்கு ரொம்பப் பிடிச்சதுப்பா. வேற எதாவது போட்டிருக்கலாம்."

நடராசன் அவளைப் பார்க்கவில்லை. அவள் நின்ற இடத்துக்கு ஒரு சாண் மேலே பார்த்துச் சொன்னார். "இங்க யாரும் வரல. ஆகட்டும் முத்தமிழு, பொம்மையத் தூக்கிப் பலகையில உக்கார வை."

நாலு பேர் தூக்கினார்கள். படுத்த உடம்பை நிமிர்த்தியதும் மடக்கென்று ஒரு சத்தம். காய்ந்த சோளத்தட்டை வளையுமா? பானை உருண்டு, லாவண்யாவின் முகத்தோடு மூன்று சுற்றுச் சுற்றி, குழந்தைவேல் காலடியில் வந்து அவரைப் பார்த்துச் சிரித்தது.

"கழுத்தே இல்லீங்களே, எங்க கட்டறது? எட்டரைக்கு ராகுகாலம் முடிஞ்சு... இல்ல, ஏழரைக்கே ஆரம்பிச்சுடுச்சு... எதுவோ ஒண்ணு, எனக்கு நேரமாவுதுங்க!" முத்தமிழ்செல்வன் மைக்கிலேயே புலம்பினார்.

லாவண்யா வந்து பலகையில் உட்கார்ந்தாள். "கழுத்து இங்க இருக்கு" என்றாள். சிரிக்கவில்லை.

தாலித் தட்டு தாய்மாமன் கையில். அதைப் பந்தலில் இருக்கிற பெரியவர்கள் தொட்டுக் கும்பிடச் சுற்றிக் காட்டிவிட்டு, கட்டுகிறவன் கையில் கொடுக்க வேண்டியது அவர் உரிமை. குழந்தைவேல் சுற்றிப் பார்த்தார். ஆம்பிளை என்று சொல்லிக்கொள்ளக் கிழவர்கள்தான் மிச்சம். ஜெயசுதா பந்தக்கால் பக்கம் நின்று, அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நேராகப் போய் அவள் முன்னால் தட்டை நீட்டினார்.

"வாழை ஓடிப்போச்சு தாயி. நீ கட்டறியா?"

"மச்சான்!" என்று நடராசன் போட்ட கூச்சலில் தூறலே ஒரு விநாடி நின்றிருக்கும். மேளம் நிற்கவில்லை. நானே கத்தினாலும் நிறுத்தாதே என்றவர் அவர்தானே? கூச்சல் ஏற ஏற அடி ஏறியது. தவில்காரர் தோலைக் கிழித்துவிடுவது என்று முடிவு கட்டிவிட்டார். வாய்ப் பழக்கத்தில் முத்தமிழ்செல்வன் கண்ணை மூடிக்கொண்டு வாழ்த்துப் பாடினார். ஜெயசுதாவின் கை லாவண்யாவின் கழுத்துக்குப் பின்னால் போனது. ஓர் ஓரத்தில் உட்கார வைத்திருந்த சாந்தா எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை, மகளுக்குப் பின்னால் நின்றாள். பெண்களில் பாதிப் பேர், தாலி ஏறுவதைப் பார்த்த பழக்கத்தில், தாங்கள் வந்தது எதற்கு என்பதை மறந்து குலவை போட்டுவிட்டார்கள். குழந்தைவேல் அரக்குச் சீலையை லாவண்யாவின் கையில் வைத்தார்.

நடராசன் தோற்றுவிடவில்லை. தலையில்லாத தட்டையை அவரே பாடையில் போட்டு, அவரே தூக்கி, கொல்லைக் கடைசியில் அவரே கொள்ளி வைத்தார். ஈரத்தில் பற்றாமல் புகைந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தார். திரும்பி வந்து, "கோடி போடுங்க மச்சான்" என்றார். குழந்தைவேல் அதையும் லாவண்யா கையிலேயே கொடுத்தார்.

பந்தியில் லாவண்யாவும் ஜெயசுதாவும் கடைசி இலைகளில் உட்கார்ந்தார்கள். பக்கத்து இலைக்காரர்கள் எழுந்து போய்விட்டார்கள். "காக்காய்க்கு வச்ச சோத்துக்கு ஆளே வந்துருச்சுடி" என்றாள் கண்ணகி. பெண்கள் சிரித்தார்கள். சோற்றுவாளியோடு சாந்தா வந்தாள். அவள் பின்னாலேயே நடராசன்.

"அங்க என்ன வேல? அங்க யாரும் உக்காரல."

சாந்தா குனிந்தாள். சோறு வைத்தாள். மறுபடி வைத்தாள். இலை மறைந்து சோறு மண்ணில் சரிகிற வரைக்கும் வைத்தாள். லாவண்யா அவ்வளவையும் தின்றாள். மாமனிடம்தான் வடை கேட்டாளே தவிர, அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அம்மாவுக்கு அடி விழும் என்று அவளுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு வந்த மூன்று மாசத்தைப் பற்றிக் குழந்தைவேல் டீக்கடையில் பெருமை அடித்துக்கொண்டதில்லை. நடராசன் சாந்தாவின் போனைச் சிம் கார்டோடு அம்மியில் வைத்து நசுக்கினார். கூடத்தில் மகள் படத்துக்கு மாலையும் சிவப்புக் குண்டு பல்பும் போட்டார். உயிரோடு இருக்கிற பிள்ளையின் படத்துக்குப் பெற்றவளே தினம் விளக்கேற்ற வேண்டும், அவர் பக்கத்தில் நின்று பார்ப்பார். ஒரு நாள் ஏற்றவில்லை என்று அவளை வெங்காயக் கொட்டகையில் தூங்க வைத்தார். லாவண்யா இரண்டு தடவை பிரிவு ரோடு வரைக்கும் வந்து நின்றுவிட்டுப் போனாள். சாந்தாவின் ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது. அண்ணன் வந்தால் ஒரே கேள்விதான். "எதாவது சொல்லுச்சாண்ணே?"

"வேற ஆஸ்பத்திரியில வேல கெடைச்சுடுச்சும்மா. டாக்டரே கார் அனுப்பறான்" என்று குழந்தைவேல் புளுகுவார். வேலை கிடைக்கவில்லை.

தை பிறந்தது. உடையார்பாளையத்து ஆண்டவர் சுதர்சனுக்குத் தன் மகள் அம்பிகாவைக் கொடுப்பதாகச் சொல்லி, தேதி குறிக்க வந்தார். முந்திரிக்காடு வைத்திருப்பவர். கொட்டை உடைத்துப் பால் பட்டு விரலெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். முறை தவறினால் தெய்வத்தையே வாசலில் நிறுத்துகிற ஆள். நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் கண் குண்டு பல்பில் விழுந்தது.

"இது?"

"மூத்த பொண்ணுங்க சம்மந்தி. ஐப்பசியில தவறிடுச்சு" என்றார் நடராசன்.

"அடடா. அப்ப துக்க வூடு. வருசம் திரும்பற வரைக்கும் நல்லது எதுவும் செய்யக் கூடாதே." ஆண்டவர் செருப்பைத் தேடினார். "எம் பொண்ணுக்கு வேற ரெண்டு இடம் வந்துருக்கு. நான் பாத்துக்கறேன்."

சுதர்சன் துள்ளி எழுந்தான். "அப்பா!"

"இல்லீங்க, உக்காருங்க," நடராசன் பதறினார். "நெசமா ஒண்ணும் சாவல. கோவத்துல சும்மா ஒரு காரியம் செஞ்சோம். பொண்ணு பெரம்பலூர்ல உசுரோட இருக்குங்க."

ஆண்டவர் மறுபடி உட்கார்ந்தார். வெற்றிலையை நிதானமாகத் துடைத்தார். ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் குழந்தைவேலிடம் முழுக் கதையையும் இரண்டு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டவர் அவர். அது அவர் முகத்தில் துளியும் தெரியவில்லை. தாய்மாமனாக வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த குழந்தைவேல் மோட்டு வளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உசுரோட இருக்குதா? சந்தோசம். கல்யாணம் ஆயிடுச்சா?"

நடராசன் விழித்தார்.

"ஏன் கேக்கறன்னா, அக்காக்காரி கன்னியா இருக்கறப்ப தம்பிக்கு எப்புடிங்க தாலி எடுக்கறது? எங்க பக்கம் அப்புடி வழக்கமில்ல. செத்தான்னா ஒரு வருசம் தீட்டு. இருக்கான்னா மொதல்ல அவளுக்கு. ரெண்டுல எதுன்னு சொல்லுங்க."

சாந்தா காபித் தட்டோடு நிலைப்படியில் நின்றாள்.

"உங்க மச்சான் என்னமோ சொல்லிட்டுத் திரியறாரே," என்று ஆண்டவர் தொடர்ந்தார். "பந்தல் போட்டு, மேளம் வச்சு, தாலி ஏறுச்சுன்னு. இவரு பேச்ச நம்பி நான் பொண்ணு குடுக்க முடியுமா? பெத்தவர் வாயால வரணும். நடந்துச்சா?"

"அது கல்யாணமே இல்லீங்க. கட்டுனது ஒரு... பொம்பளப் புள்ள. கோர்ட்டே இல்லன்னுடுச்சு."

"கோர்ட்டு எம் பொண்ணு நிச்சயத்துக்குத் தாம்பூலம் மாத்த வருதா? ஆம்பளையா பொம்பளையாங்கறத கவர்மெண்டு பாக்கட்டும். நான் கேக்கறது முறை. நாளைக்கு எம் பொண்ணுக்கு நாத்தனா முடிச்சுப் போட சுமங்கலியா ஒரு அக்கா வந்து நிக்கணும். தாலி ஏறுச்சா, இல்லையா?"

"அப்பா, சொல்லித் தொலைங்கப்பா" என்றான் சுதர்சன்.

நடராசன் மாலை போட்ட படத்தைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். "ஏறுச்சு" என்றார், தரையைப் பார்த்து.

"இவரும் அதத்தான் சொல்றாரு. இவர் எதுக்க நின்னு பாத்தாரு. முடிச்சு பின்னாலல்ல விழும்? நீங்க பின்னால நின்னீங்களாமே. மூணும் விழுந்துச்சா?"

நடராசன் பேசியபோது அது ஆண்டவருக்குச் சொன்ன பதிலாக இல்லை.

"ரெண்டு முடிச்சு அந்தப் புள்ள போட்டுச்சுங்க. மூணாவதுக்குக் கை நடுங்கி நின்னுடுச்சு." நிலைப்படிப் பக்கம் அவர் கை மட்டும் நீண்டது. திரும்பிப் பார்க்கவில்லை. "மூணாவது முடிச்ச இவதான் போட்டா. நான் பாத்தேன்."